கட்டைவிரல் விழாத பதிவு

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டில் உட்கார்ந்து வெடிக்கான காகிதக் குழாய் சுற்றுவதுதான் வேலை. தங்கச்சி வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாள். காலையில் வேன் ஏறினால் அவள் வீடு திரும்புகிற வரைக்கும் எனக்குக் கண் வாசலிலேயே இருக்கும். போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது.

அதனால் எங்கள் பகுதி ஆட்களுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கலாம் என்று எங்கள் தெரு டீச்சர் சொன்னதும் முதல் ஆளாகச் சேர்ந்தேன். அதற்கு முன்பு போனில் ஒரு குழு இருந்தது. பூப்படமும் காலை வணக்கமும் பிறந்தநாள் கேக்குமாக வந்து விழும். நடுவில் 'நாளைக்கு வேன் அரைமணி முந்தி வரும்' என்று ஒரு வரி வந்தால் அது எங்கே போனதென்றே தெரியாது. டீச்சருக்குச் சாத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை, கம்ப்யூட்டரும் தெரியும். எல்லாரும் போடுவதைத் திரட்டி, வேண்டியதை மேலே கொண்டுவருகிற மாதிரி லீவில் உட்கார்ந்து செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தவர், எங்கள் நாலைந்து பேரை வீட்டுக்கு அழைத்தார்.

"எதை மேல காட்டணும்னு நீங்கதான் சொல்லணும். உங்களுக்கு எது முக்கியம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எல்லாரும் முழித்தார்கள். நான்தான் வாயைத் திறந்தேன். "ஆளுக எதுக்குக் கட்டைவிரல் போடுறாகளோ, அதை மேல விடுங்க டீச்சர். வேணும்கிறதைத்தான தொடுவாக."

"அப்ப எங்க மச்சான் திங்கிற பிரியாணிதான் தினமும் மேல இருக்கும்" என்றார் வேன் ஓட்டுகிற தம்பி. சிரித்தார்கள். ஆனாலும் நான் சொன்னபடியே டீச்சர் செய்துவிட்டார். எட்டாவது படித்தவள் சொல்லி ஒன்று நடக்கிறதே என்று இரண்டு நாள் சந்தோசமாக இருந்தது. மூன்றாம் நாளே, தப்பாகச் சொல்லியிருப்போமோ என்று கவலை தொடங்கிவிட்டது.

சத்தம் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இருக்கும். எங்கள் ஊரில் ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் எழுந்து ஓட முடியாது. இதற்கு ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வெளியே வந்து பார்த்தால் வெம்பக்கோட்டைத் திசையில் புகை. பக்கத்து வீட்டுக்காரியும் வெளியே வந்துவிட்டாள்.

பசைக் கையோடு போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மேலே ஒரு பொட்டலம் சாத்தூர்ச் சேவு. அதற்குக் கீழே மொட்டை போட்ட குழந்தை. அதற்கும் கீழே பிரியாணி. எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் குவிந்து கிடந்தது. தள்ளித் தள்ளிப் பார்த்தேன். திரையெல்லாம் பசையாகி அது நகரவே மாட்டேனென்றது. வேன் தம்பிக்குப் போட்டால் லைன் கிடைக்கவில்லை. கதவைச் சாத்தினேனா என்றுகூட நினைவில்லை, சிவகாசி பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ்காரரிடம் தங்கச்சி பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. பெயரைச் சொன்னாலே அவளை உள்ளே கொண்டுவந்து படுக்க வைத்துவிடுவேனோ என்று பயம்.

அப்போதுதான் போன் அடித்தது. யாரோ ஒருவருடைய போனிலிருந்து தங்கச்சி.

"எங்கக்கா இருக்க? வீடு திறந்து கெடக்காம்ல."

"ஆஸ்பத்திரில."

"ஐயோ, உனக்கு என்னாச்சு?"

"ஏட்டி, எனக்கு என்ன ஆகும்? உன்னையத் தேடித்தான்…"

"நான் வீட்டுக்கு வந்துட்டு இருக்கேன். வேன்காரண்ணன் அப்பவே போட்டுட்டாரே, நீ பாக்கலையா?"

திரும்பி வருகிற பஸ்ஸில் தேடி எடுத்தேன். அடியில் கிடந்தது. 'நம்ம வேன் ஆளுக அம்புட்டுப் பேரும் வெளிய வந்துட்டாக. வேற ஷெட்டுல ரெண்டு பேருக்குக் காயம்.' நான் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே போட்டது. ஏறக்குறைய எல்லாரும் திறந்து பார்த்திருந்தார்கள். கட்டைவிரல் ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? காயம்பட்ட இரண்டு பேர் அந்த வரியில் இருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் அப்படிப்பட்ட சேதியில் விரல் வைக்க மாட்டார்கள். படிப்பார்கள், போனை எடுப்பார்கள், இல்லை பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். நானும் அப்போது தொடவில்லை. விரல் கிட்டப் போய்த் திரும்பி வந்துவிட்டது. இத்தனை வருசம் இங்கேயே இருந்துகொண்டு, இது தெரியாமலா டீச்சரிடம் அப்படிச் சொன்னேன்?

அன்றைக்குச் சாயங்காலமே போனேன்.

"தப்பு என்னோடது டீச்சர். எல்லாரும் திறந்து பாத்துட்டு, யாரும் தொடாம கையை எடுத்துக்கிட்டாகள்ல, அந்த மாதிரிப் பதிவை மேல கொண்டுவர முடியுமா?"

டீச்சர் கம்ப்யூட்டரைத் திறந்தார். "முடியும். தனியா ஒரு வரிசை உச்சியில வச்சிரலாம். ஆளுக திறந்து பாக்கப் பாக்க மேல ஏறும், விரல் போடப் போட இறங்கும். ஆனா மொக்கையும் மேல வருமே."

"வரட்டும் டீச்சர்."

வந்தது. முதல் வாரம் உச்சியில் நின்றது வேன் தம்பி போட்ட ஜோக்கு. "யாரும் சிரிக்கலைன்னு ஊருக்கே காட்டுறீகளே" என்று டீச்சர் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டார். எனக்கோ உச்சியில் எது ஏறினாலும் திறந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. பத்துத் தடவை திறந்தால் ஒன்பது தடவை ஒன்றுமில்லாத சமாச்சாரம். மறுபடி தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அதற்கும் ஒரு கவலை.

இப்போது தினமும் சாயங்காலம் கம்பெனி கேட்டிலிருந்து வேன் தம்பி ஒரு வரி போடுகிறார்: 'எல்லாரும் ஏறியாச்சு.' வீட்டு ஆட்கள் திறந்து பார்க்கப் பார்க்க அது மேலே ஏறும். பிறகு ஒவ்வொருவராக விரல் போட, இறங்கும். மற்றவர்கள் பார்த்ததுமே போட்டுவிடுகிறார்கள். நான் போடுவதில்லை. ஏறியாச்சு என்றால் ஏறியாச்சு, அவ்வளவுதானே. வந்து சேர்ந்தாகிவிட்டதா?

"அக்கா, எல்லார் வீட்லயும் போட்டாச்சு, உங்க வீட்ல மட்டும் என்ன கோவம்?" என்று நேற்று வாசலில் வேனை நிறுத்திக் கேட்டார். தங்கச்சி இறங்கி என் முன்னால் வந்து நின்றாள்.

"இந்தா நிக்கிறேன்ல. போட்டு விடுக்கா, பாவம்."

"இரு, உள்ள வா" என்றேன். அவள் முகம் கழுவி, தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு போட்டேன். பதிவு ஒரு படி இறங்கியது. உடனே, நாளைக் காலை வேன் எத்தனை மணிக்கு என்று தேடத் தொடங்கினேன்.