ரிப்பீட்டக்காவும் பொய் சொன்ன மெஷினும்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ரிப்பீட்டக்கா என்று பேர். துளி சந்தேகம் வந்தாலும் ஒரே ரத்தத்தை இரண்டு தரம், மூன்று தரம் மெஷினில் போட்டுப் பார்ப்பாள். பதினாறு வருஷப் பழக்கம். காலையில் வந்ததும் கைப்பையைக்கூட மாட்டாமல் கண்ட்ரோல் பாட்டிலைத்தான் எடுப்பாள். சர்க்கரை நூறு என்று முன்கூட்டியே அளந்து அடைத்த திரவம் அது. மெஷின் அதற்கு நூறு, அல்லது நூறை ஒட்டிய எண் காட்டினால்தான் மனிதர்களின் ரத்தத்தைத் தொடலாம். காட்டாவிட்டால் மெஷின் பொய் சொல்கிறது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. படித்தவருக்குத்தான் புரியவில்லை.

படித்தவர் என்றால் கூடத்தின் முதலாளியான டாக்டர். புது மெஷின் வாங்கியதிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "புது மெஷினைச் சந்தேகப்படாதீங்க. அது தப்பே பண்ணாது" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் ரிப்பீட்டக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. அவள் அண்ணன் பஸ் டிரைவர். தங்கையை வம்புக்கு இழுக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"உங்க சயின்ஸும் ஒரு மதம்தான்மா. வெள்ளைக் கோட்டு பூசாரி, ஏசி போட்ட சன்னிதி, சீட்டுல அருள்வாக்கு. எவனாவது எதிர்த்துக் கேட்டிருக்கானா?"

"நான் தினமும் காலையில கேக்கறேன். உன் சாமிகிட்ட போய், 'நீ நேத்து சொன்னது தப்பு'ன்னு காட்ட முடியுமா? எங்க பொழப்பே அதுதான்."

"அடேங்கப்பா!" என்று அண்ணன் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வான்.

ஒரு திங்கட்கிழமை அவள் லீவு போட்டாள். அன்றைக்குத்தான் அண்ணன் கம்பெனியின் வருஷாந்திரப் பரிசோதனைக்காக அந்தக் கூடத்தில் ரத்தம் கொடுத்தான். வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்று முப்பதைத் தாண்டினால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு, குறையும்வரை டிப்போவைக் கூட்டிப் பெருக்கச் சொல்லிவிடுவார்கள். வந்தது நூற்று இருபத்திரண்டு. "உங்க சாமி கண்ணத் தொறந்துடுச்சு!" என்று போனில் குதித்தான்.

செவ்வாய்க்கிழமை காலை கண்ட்ரோல் போட்டாள். எழுபது. மறுபடி போட்டாள். எழுபது. மெஷினுக்குள் இருந்த ரசாயனம் கெட்டுப்போயிருந்தது. புது ரசாயனம் மாற்றியதும் நூறு வந்தது.

"நேத்து கண்ட்ரோல் போட்டியா?" என்று கூட வேலை செய்யும் பெண்ணைக் கேட்டாள்.

"டாக்டர் வேணாம்னுட்டாருக்கா."

அவளுக்குத் தலைக்குமேல் ஏறிவிட்டது. நேற்று ரத்தம் கொடுத்த இருபத்திரண்டு பேருக்கு இல்லாத ஆரோக்கியத்தை அச்சடித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நல்லவேளை, நேற்றைய ரத்தக் குழாய்கள் ஃபிரிட்ஜில் இருந்தன. நேரே டாக்டர் அறைக்குப் போனாள்.

"எல்லாத்தையும் திருப்பிப் போடணும் சார். எல்லாருக்கும் போன் பண்ணணும்."

"ரிப்போர்ட் போயாச்சு. இப்பக் கூப்பிட்டா நம்ம மேல இருக்கற நம்பிக்கை போயிடும்."

"நம்பிக்கைக்கு வேற இடம் இருக்கு சார். இங்க அளக்கறதுக்குத்தான் வர்றாங்க."

டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "உங்க அண்ணன் ரிப்போர்ட்டும் அதுல இருக்கு. யோசிச்சுக்கங்க."

உண்மையைச் சொன்னால், ஒரு நிமிஷம் அவள் யோசிக்கத்தான் செய்தாள். இருபத்தொன்றைப் போட்டுவிட்டு ஒன்றை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? அப்படி நினைத்த தன் மேலேயே ஆத்திரம் வந்தது. திரும்பிப் போய் இருபத்திரண்டையும் போட்டாள். அண்ணனுடையது நூற்று எழுபத்து நாலு. டாக்டர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முறைத்துக்கொண்டு நிற்க, ஒவ்வொருவரையும் அவளே போனில் கூப்பிட்டாள்.

அண்ணன் அரை மணியில் நேற்றைய சீட்டும் கையுமாக வந்துவிட்டான். முகம் சிவந்திருந்தது.

"உங்க சாமி கொடுத்த வரத்தை நீயே பிடுங்கறியா? கூடப் பொறந்தவளா நீ? டிப்போல நான் தொடப்பம் பிடிக்கணுமா?"

"கண்ணு இருட்டி நாப்பது பேரோட பள்ளத்துல விழறதுக்குத் தொடப்பம் எவ்வளவோ தேவலை!" அவள் போட்ட சத்தத்தில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "உள்ள வா. வந்து உன் கண்ணால பாரு."

அவன் கண்முன்னால் முதலில் கண்ட்ரோல். நூறு. பிறகு அவன் ரத்தம். நூற்று எழுபத்து மூன்று.

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னொரு தடவை போடு."

போட்டாள். நூற்று எழுபத்து நாலு.

"இன்னும் ஒரு தடவை."

அவள் மறுக்கவில்லை. மறுபடியும் நூற்று எழுபத்து நாலு.

புதுச் சீட்டில் 'முந்தைய முடிவு தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கோபத்தில் கண்ணில் நீர் முட்டியது. அண்ணன் அந்தச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டிப்போவுக்குக் கிளம்பினான். நேற்றைய சீட்டை மேஜையில் விட்டுவிட்டுப் போனான்.