கண்டாக்கையா இல்லாத பெரட்டு

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சோலைமலை என்று ஒருவர் இருந்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவது அவர் தொழில். பிழைப்பு அதில் நடந்தது. பேரும் புகழும் வேறொன்றில் வந்தன. அவரைப் பார்த்தாலே சிரிப்பு வரும் என்பார்கள். சுத்தப் பொய். சும்மா நிற்கும்போது அவர் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரிதான் இருப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில், மாரியம்மன் திருவிழா நாடகத்தில், இளவட்டமாக இருந்த அவருக்கு வாயில்காப்போன் வேஷம் கொடுத்தார்கள். வசனம் கிடையாது. ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியது, அவ்வளவுதான். ராஜா நீட்டி முழக்கிப் புலம்பிக்கொண்டிருக்க, இவர் ஈட்டியில் சாய்ந்தபடியே தூங்கி விழ ஆரம்பித்தார். விழுவார், விழமாட்டார். சனம் ராஜாவை மறந்தே போயிற்று. ராஜாவாக நடித்த பொன்னையா வெகுநாள் இவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகென்ன, ஹட்டனில் துணிக்கடை வைத்திருந்த நாடகப் பித்தர் சண்முகராஜா ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். கொத்மலை, நுவரெலியா என்று மேடை மேடையாகக் கூட்டிப் போனார். சனிக்கிழமை பஸ் ஏறும் சிரிப்பு நடிகர், திங்கட்கிழமை விடிகாலை கவ்வாத்துக் கத்தியோடு பெரட்டில் நிற்பார். ஆட்களை வரிசையாக நிறுத்தித் திட்டித் தீர்த்து வேலைக்குப் பிரித்துவிடுகிற அந்தப் பெரட்டைத்தான் அவர் மேடையிலும் நடித்தார். கங்காணி, தொழிலாளி, கங்காணிக்கும் மேலே நின்று வேலை வாங்கும் கண்டாக்கையா எல்லாம் அவர் ஒருவரே. பதினைந்து வருடம் சனத்துக்கு அது அலுக்கவே இல்லை.

அறுபத்துநாலில் கணேசமூர்த்தி என்ற புதுக் கண்டாக்கையா தோட்டத்துக்கு வந்தார். ஆள் கட்டை, குரல் மலைக்கு மலை கேட்கும். பேசினால் வெற்றிலை எச்சில் எதிரே நிற்பவன் முகத்தில் தெறிக்கும். திட்டுக்குத் திட்டு குனிந்து முழங்கால்வரை போட்ட காலுறையை இழுத்துவிட்டுக்கொள்வார். திருவிழாவுக்குத் தோட்டத்து மேலாளரான பெரியதுரை வருகிறார் என்றதும் சோலைமலையைக் கூப்பிட்டு எச்சரித்தார்.

"என்னய மாதிரி ஒரு வார்த்த பேசுன, ஒரு நட நடந்த, பத்துச்சீட்டுத்தான். பொண்டாட்டி புள்ளையோட தோட்டத்த விட்டு எறங்கிரணும்."

பத்துச்சீட்டு கைக்கு வந்தால் வேலையோடு, தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். மனைவி ராக்காயி அன்று ராத்திரியே கெஞ்சினாள்.

"இந்த ஒரு தடவ வேற ஏதாச்சும் நடிங்களேன்."

"பெரட்டுப் பாக்கத்தான புள்ள சனம் வருது? அந்தாள நான் தொடப் போறதில்ல."

"அவரு இல்லாம எப்படிப் பெரட்டு?"

"வந்து பாரு."

பயம் இல்லாமல் இல்லை. ஆனால் தன் முகத்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அந்தப் பயத்தைவிடப் பெரியது.

திருவிழாப் பகல். மேடையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தனியாக வந்து பெரட்டில் நிற்பதுபோல் நின்றார். வாயே திறக்கவில்லை. எதிரே, தன் மார்பு உயரத்தில், வெறுங்காற்றைப் பார்த்து நடுங்கினார். அந்தக் காற்று அங்குமிங்கும் நடக்க, பயந்த கண்கள் கூடவே நடந்தன. திடீரென்று கண்ணை இறுக்கி மூடி, கம்பளி நுனியால் முகத்தை மெதுவாகத் துடைத்துக்கொண்டார். முதல் சிரிப்பு கொழுந்தெடுக்கும் பெண்கள் பக்கமிருந்து வெடித்தது. பிறகு அவர் பார்வை சரேலென்று தரைக்கு இறங்கி, முழங்கால் உயரத்தில் கொஞ்சம் காத்திருந்து, மறுபடி மேலே வந்தது.

அந்த நேரம் பார்த்து, முன்வரிசையில் துரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணேசமூர்த்தி, கோபத்தில் தன்னை மறந்து, குனிந்து காலுறையை இழுத்துவிட்டார்.

கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. துரை சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லோரும் பார்த்த இடத்தைத் தானும் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ராக்காயி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவளுக்கு அன்றைக்குப் புருஷன் மேல் வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஆட்டம் முடிந்ததும் கணேசமூர்த்தி மேடைக்குப் பின்னால் பாய்ந்து வந்தார்.

"யாரயடா நடிச்ச?"

"என்னயத்தாங்க. பெரட்டுல நிக்கிற சோலைமலைய."

"எதுத்தாப்புல நின்னது யாரு?"

"யாரும் நிக்கலீங்களே. ஐயாவும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க."

"அப்பறம் ஏன்டா அத்தன பேரும் என்னயப் பாத்துச் சிரிச்சாங்க?"

சோலைமலை கம்பளியை நிதானமாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அத சிரிச்சவங்கள்ட்டதாங்க கேக்கணும். லயம் லயமா இருக்காங்க. தொரையும் சிரிச்சாரு. எல்லாத்துக்கும் பத்துச்சீட்டு எழுதிட்டு, கடசியா எனக்கு எழுதுங்க. வாங்கிக்கிறேன்."

மறுநாள் பெரட்டில் கணேசமூர்த்தி சோலைமலையின் பேரையும் கூப்பிட்டு, யாரையும் திட்டாமல், கவ்வாத்து மலைக்கு அனுப்பினார்.