பதினைந்து நாளில் வருகிறோம்

எங்கள் தணிக்கை அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'ரசீது சார்'. மத்திய அரசுத் திட்டங்களின் செலவைச் சரிபார்ப்பது அவர் வேலை. ரசீது இருந்தால் ஆகாயத்தில் பாலம் கட்டியதையும் ஒப்புக்கொள்வார். இல்லாவிட்டால் காலடியில் இருக்கும் சாலையையும் நம்பமாட்டார்.

ஆய்வுக்குப் போகப் பதினைந்து நாள் முன்பே கடிதம் போட வேண்டும் என்பது விதி. திருடனைப் பிடிக்க நாள் குறித்து அனுப்புகிற புத்திசாலித்தனம் வேறெங்கே உண்டு? நான் இப்படி முணுமுணுத்தால், விதி எண்ணைச் சொல்லி என் வாயை அடைத்துவிடுவார்.

அவருடைய தங்கை ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவ வார்டு நர்ஸ். அங்கே ஜெனரேட்டர் இருந்தது. மாதம் தவறாமல் டீசல் ரசீதும் இருந்தது. டீசல்தான் இல்லை. சார் ஆய்வுக்குப் போய், எல்லாம் சரி என்று எழுதிவிட்டு வந்தார். மறுநாளே டேங்க் காலி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"அண்ணா, நீ வந்து ஒண்ணும் கிழிக்கல. ஆனா உன் லெட்டர் வந்த பதினஞ்சு நாளும் ஜெனரேட்டர் ஓடிச்சு. நேத்து கரண்ட் போனதுல ஒரு குழந்தைய இழக்க இருந்தோம்."

மறுநாள் அந்த நிலையத்துக்கு ஒரு கடிதம் போட்டார்: பதினைந்து நாளில் வருகிறோம். போகவில்லை. தவிர்க்க இயலாத காரணங்களால் என்று தேதியைத் தள்ளி இன்னொன்று. இப்படிப் பதினொரு கடிதங்கள். அங்கிருந்த அதிகாரி சபித்துக்கொண்டே டீசல் ஊற்றினார். அரசாங்கம் ஒட்டிய தபால்தலைகளில் உருப்படியாக வேலை செய்தவை அவைதான். எனக்கு அந்த மனிதரை அப்போதுதான் பிடித்துப்போனது.

ஆனால் எங்களையும் தணிக்கை செய்ய மேலே ஆட்கள் இருக்கிறார்களே. வருடக்கணக்கில் காணாமல் போன டீசல் அவர்கள் கண்ணில் படவில்லை. பதினொரு கடிதம், பூஜ்யம் ஆய்வு என்பது உடனே பட்டுவிட்டது. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. விசாரணை முடியும்வரை பென்ஷன் கிடையாது. ஓய்வுக்கு இருந்ததோ இரண்டே மாதம்.

இனித் தன்னால் கடிதம் போட முடியாது என்று தங்கையிடம் சொல்லப் போன் செய்தார்.

"விசாரணைக்கு நேர்ல வர்றோம்னு உங்க மேலிடமே லெட்டர் போட்டிருக்குண்ணா," என்றாள் அவள். "காலையிலயே ரெண்டு பீப்பா டீசல் வந்து எறங்கிடுச்சு."

அவர் எழுதி முடித்திருந்த விளக்கம் மேசைமேல் இருந்தது. அதைக் கிழித்துப் போட்டார். பதில் சொல்லவும் விசாரணைக்கும் பதினைந்து நாள் அவகாசம் கேட்டு மனு எழுதினார்.

இதுவரை பத்தொன்பது மனு ஆகிவிட்டது. பென்ஷன் இன்னும் வரவில்லை.