கன்னத்தில் எழுதிய சிங்கம்

ஈரக் காவி கன்னத்தில் படும்போது சில்லென்று இருக்கும். காய்ந்த பிறகு தோலைப் பிடித்து இழுக்கும், வாயைத் திறந்து சிரிக்க விடாது. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். மர்பி டவுனில் ஒரே அறை கொண்ட வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். நான் நடக்கப் பழகும் முன்பே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வருஷம் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருந்தது, கொடியில் போட்ட துணி எதுவும் முழுசாகக் காயவில்லை. அப்படி ஒரு காலையில்தான் என் இடது கன்னத்தில் காலணா அளவுக்குச் சிவப்பாக ஒரு வட்டம் வந்திருந்தது. சொறிந்தால் சுகமாக இருந்தது, கையை எடுத்தால் எரிந்தது.

பள்ளிக்கூடத்தில் மிஸ் அதைப் பார்த்து முதலில் என்னைப் பெஞ்சின் ஓரத்துக்குத் தள்ளி உட்காரச் சொன்னார், வட்டம் பெரிதானதும் அம்மாவை வரச் சொன்னார். "நல்லா ஆறட்டும்மா, அப்புறம் கூட்டிட்டு வாங்க. மத்த பிள்ளைங்களுக்கும் ஒட்டிக்கும்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வந்ததே அப்போதுதான்; சினிமா போஸ்டர், கடைப் பலகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டு வாசித்துக்கொண்டு நடந்த காலம் அது. எப்போது திரும்பப் போவேன் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

எங்கள் வரிசையில் குடியிருந்த பெண்கள் கூடிப் பார்த்து அது "அக்கி" என்று முடிவு கட்டினார்கள். அக்கிக்கு மருந்து கிடையாது, குயவர் கையால் காவி எழுதினால்தான் அடங்கும் என்பது அவர்கள் தீர்ப்பு. பாட்டரி டவுனில் பானை செய்யும் ஒரு பெரியவரிடம் அம்மா என்னை அழைத்துப் போனாள். அவர் செங்காவியைக் குழைத்து, வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே, வட்டத்தின் மேல் ஒரு சிங்கத்தை எழுதினார். "சிரிக்காத பாப்பா, சிரிச்சா சிங்கம் எறங்கி ஓடிரும்" என்றார். நான் சிரிக்கவில்லை. காவி உதிரும்வரை முகம் கழுவக் கூடாது, கருவாடு தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அவர் எழுதியது சிங்கம்தான், ஆனால் பார்க்கிறவர்களுக்குப் பூனை மாதிரி இருந்தது. குழாயடிக்குப் போனால், "ஏய் பூன மூஞ்சி, பால் குடிச்சியா?" என்று பிள்ளைகள் கத்தினார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டே குடத்தைப் பிடித்தேன். பள்ளிக்கூடம் திரும்பப் போகிறவள், இந்தக் கழுதைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்துக்கொண்டேன்.

காவி உதிர்ந்தபோது வட்டம் கண்ணுக்குக் கீழே வரைக்கும் வந்திருந்தது. அம்மா மறுபடி எழுத வைத்தாள். அதற்கும் அடங்காததால் பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி பூண்டை அரைத்து அப்பினாள். அது தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கிவிட்டது. நான் அலறிய அலறலில் பயந்துபோய்த்தான் அம்மா வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா கன்னடக்காரர், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். என் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார். "நோடம்மா, இங்க பாரு, அக்கின்னா கொத்துக் கொத்தா தண்ணிக் கொப்புளம் வரும், வலி உயிர் போகும். இது ஓரம் மட்டும் உசந்து இருக்கு, நடுவுல ஆறி இருக்கு. இது படர்தாமரை. இந்தக் கொப்புளம் நீ பண்ணினது" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவர் என்னிடம் கேட்டார், "ராத்திரி யார்கூட படுப்பே?"

"அம்மாகூட."

"எப்படிப் படுப்பே?"

நான் எழுந்து, அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, இடது கன்னத்தை அவள் புடவைக் கட்டின்மேல் வைத்துக் காட்டினேன். டாக்டரம்மா என் கன்னம் பட்ட இடத்தையே பார்த்தார். அப்புறம் அம்மாவைத் தட்டிக்குப் பின்னால் கூப்பிட்டார். தட்டி முழுசாக மறைக்கவில்லை. அம்மா பாவாடை நாடா கட்டும் இடத்தில் இடுப்பைச் சுற்றிக் கருத்துத் தடித்து, வட்டத்தின்மேல் வட்டமாக ஒரு பட்டையே ஓடியிருந்தது. சொறிந்த கீறல்களில் ரத்தம் காய்ந்திருந்தது. அன்றுவரை நான் அதைப் பார்த்ததில்லை. அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "நீ வெளிய போ" என்றாள்.

காக்ஸ் டவுனில் சில வீடுகளுக்கு அம்மா துணி துவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இடுப்பளவு நனைந்த புடவையோடு கல்லடியில் நிற்பாள், அதே புடவை உடம்பிலேயே காயும். உடம்பில் "படை" இருப்பது தெரிந்தால் எந்த வீட்டில் துணியைத் தொட விடுவார்கள்? அதனால் யாரிடமும் சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

வெளியே நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. "மகளுக்கு மட்டும் மருந்து போட்டா பிரயோஜனம் இல்லே, ராத்திரி நீ மறுபடியும் குடுத்திடுவே. ரெண்டு பேரும் போடணும். போயிடுச்சுன்னு தோணினாலும் நிறுத்தக் கூடாது. துண்டு, பாய் எல்லாம் தனித்தனி. நீ ஈரத்துல நிக்கவே கூடாது."

"ஈரத்துல நிக்கலைன்னா சோத்துக்கு என்னா பண்றது டாக்டரம்மா? இவளுக்கு நல்லா பாருங்க, பள்ளிக்கூடம் போவணும்."

தாளில் மடித்துக் கொடுத்த களிம்பைக் காலையும் ராத்திரியும் வட்டத்துக்கு வெளியேயும் ஒரு விரல் அகலம் தள்ளித் தேய்த்தோம். அன்றிலிருந்து எனக்குத் தனிப் பாய். தூக்கம் வராமல் கையை நீட்டினால், "தள்ளிப் படு" என்பாள் அம்மா. என் கன்னம் தெளிந்துகொண்டே வந்தது. அம்மாவின் இடுப்பு தெளியவில்லை, எப்படித் தெளியும், தினமும் கல்லடிதானே. ஒருநாள் துவைக்கும்போது அவள் சொறிந்துகொண்டதை ஒரு வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, ஆறும்வரை வராதே என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி அம்மா என்னிடம், "ஒரு வாரம் எனக்குப் பதிலா நீ போய் நில்லு. அப்புறம் பள்ளிக்கூடம்" என்றாள்.

ஒரு வாரத்துக்குமேல் ஆகியிருக்கும். அழுக்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வரும்போது எதிரே மிஸ் வந்தார். என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, "அட, சுத்தமா போயிடுச்சே! ஏன்டி இன்னும் வரலை?" என்றார்.

"அம்மாவுக்கு ஆறட்டும் மிஸ்" என்றேன்.

மழை நின்று, காய்ந்த புடவை கட்டி, அம்மாவுக்கும் ஆறியது. ஆனால் அதற்குள், "சின்னக் கையா இருந்தாலும் வெளுப்பா துவைக்குது" என்று வீட்டுக்காரர்கள் என்னையே கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அம்மா மறுபடி ஈரத்தில் நின்றால் மறுபடி வரும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தைப் பற்றி இருவரும் பேசுவதை விட்டுவிட்டோம். இதற்காக யாரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டாம். அந்தக் கையால்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

போன மாதம் என் பேத்திக்குத் தொடையில் அதே வட்டம். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவள், இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு டிராபிக்கில் மணிக்கணக்காக வேர்த்துக் கிடப்பவள். மெடிக்கல் ஷாப்காரர் கொடுத்த ட்யூபைப் பூசியதும் அரிப்பு நின்றது, நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. தோல் டாக்டர் வட்டத்தின் ஓரத்தைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்துவிட்டு, கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு ட்யூப்தான் இதை வளர்க்கிறது என்று திட்டி, மாத்திரை எழுதிக் கொடுத்தாராம்.

நேற்று அவள் அறையில் எட்டிப் பார்த்தேன். தொளதொளவென்று பருத்திப் பாவாடை கட்டிக்கொண்டு, ஃபேனுக்குக் கீழே, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். "ஆறுற வரைக்கும் வீட்டுல இருந்தே வேலை செய்றேன்னு சொல்லிட்டேன் ஆயா" என்றாள். பாட்டரி டவுனில் இப்போது அக்கி எழுதுகிறவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. காக்ஸ் டவுன் வீடுகளில் துவைக்கும் கல்லைப் பெயர்த்துவிட்டுக் கார் நிறுத்துகிறார்கள். பேத்தி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். அவளுக்குப் பதிலாக யாரும் போய் நிற்க வேண்டியதில்லை. நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.