ஏழு மணி நாற்காலி

குவைத்துக்கு வந்து பன்னிரண்டு வருடமாகியும் எனக்குப் பழகாத ஒன்று, வெயிலில் உட்கார்ந்து பார்க்கிற ராத்திரி சீரியல். என் ஊர் குரும்பலூரில் ஏழு மணிக்குப் போடுகிற தொடர் இங்கே மாலை நாலரைக்கே வந்துவிடும். அங்கே தெருவிளக்கு எரியும்போது, இங்கே ஜன்னல் கம்பியின் நிழல் என் கட்டிலில் கிடக்கும்.

நான் துணி வெளுக்கும் கம்பெனியில் இஸ்திரி போடுகிறேன். மூன்று மணிக்கு அறைக்குத் திரும்பிவிடுவேன். சரியாக ஊர் நேரம் ஏழுக்கு என் மனைவி செல்வி வீடியோ காலில் கூப்பிடுவாள். போனை டிவிக்கு எதிரே ஸ்டூலில், ஒரு சொம்பில் சாய்த்து வைப்பாள். அவள் முகம் தெரியாது, குரல் கேட்கும். இப்படியே ஐந்து வருடம் ஒரே தொடரைச் சேர்ந்து பார்த்தோம். எனக்குப் பேச வராது. சாப்பிட்டியா, மழை பெய்ததா என்று இரண்டு கேள்வியோடு என் பேச்சு தீர்ந்துவிடும். அந்தத் தொடர் வந்த பிறகுதான், விளம்பர இடைவேளையில், நாங்கள் சண்டை போடவே கற்றுக்கொண்டோம்.

என் அறையில் இருக்கும் வங்கதேசத்துக்காரர் ஜமால் வந்த புதிதில், போனில் ஒப்பாரி கேட்டு என் வீட்டில் யாரோ இறந்துவிட்டதாக நினைத்தார். டீ போட்டுக் கொண்டுவந்து தோளைப் பிடித்துக்கொண்டார். "நஹி பாய், டிராமா, டிராமா" என்றேன். துக்கத்தில் உளறுகிறேன் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தார். இப்போது அவரும் கூட உட்கார்ந்து பார்க்கிறார்.

பக்கத்து அறை ரவி அரியலூர்க்காரன். அவனுக்கு நான் தினசரிக் கேலி. "ண்ணே, நாத்தனாருக்கு ஒடம்பு தேவலையா?" என்பான். நான் தலையைக் குனிந்து சிரித்துவிடுவேன்.

தொடரின் கடைசி நாள் ஜனவரி ஒன்று என்று அறிவித்தார்கள். அன்று நாலரைக்கே எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் புத்தாண்டு கேக் வெட்டு. நாலு பேரோடு ரவி வந்து நின்றான்.

"வாங்கண்ணே, போட்டோ எடுக்கறாங்க. பொம்பளையாட்டம் சீரியலு பாத்துக்கிட்டு... ஊருல சொன்னா சிரிப்பாங்க."

"சொல்லு. சிரிக்கட்டும். நான் வரல."

இத்தனை வருடத்தில் நான் வாய் திறந்து மறுத்தது அதுதான் முதல் தடவை. காது சுட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. ஊரில் இதைப் படிக்கிறவர்களும் சிரிக்கலாம். அந்த அரை மணி நேரம்தான் நான் என் மனைவியோடு குடித்தனம் நடத்துகிற நேரம். அதை ஒரு துண்டு கேக்குக்காக விட்டுக்கொடுக்க முடியாது.

தொடரின் கதை இதுதான். கணவன் சிங்கப்பூர் போய்ப் பத்து வருடம் வரவில்லை. மனைவி அரிசி மண்டி வைத்துக் குடும்பத்தை நிமிர்த்துகிறாள். கடைசி நாளில் அவன் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினான். அவள் ஓடிப்போய்க் காலில் விழுந்தாள். எல்லோரும் போட்டோவுக்கு நின்றார்கள். நடு நாற்காலியில் அவன். சுபம். ஜமால் மொழி புரியாமலே கண்ணைத் துடைத்தார். செல்விதான் வெடித்தாள்.

"இதுக்குத்தான் அஞ்சு வருசம் பாத்தமா? மண்டிய நடத்துனது அவ. வந்ததும் வராததுமா இவன் நடு நாற்காலில உக்காந்துக்குவானா?"

என்னைச் சொன்னது போலிருந்தது. பெரம்பலூருக்குப் பஸ் ஏறி பேங்க், ஆஸ்பத்திரி, மகளின் காலேஜ் என்று எல்லாவற்றுக்கும் அலைந்தவள் அவள்தான். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் நான் "இந்த வருசம் ஒரேயடியா வந்துடுறேன்" என்பேன். இந்த கேம்ப்பில் எல்லோருமே அன்று வீட்டுக்கு அதைத்தான் சொல்கிறோம். அவளும் "சரிங்க" என்பாள். இந்தப் புத்தாண்டுக் காலையில், கலர்ப்பொடியில் ஹேப்பி நியூ இயர் எழுதிய வாசல் கோலத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அதற்கும் நான் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை.

"நான் வந்தா கால்ல விழுவியா?" என்றேன்.

"விழ மாட்டேன்."

"விழாத. இந்த வருசம் வந்துடுறேன்னும் நான் சொல்லல செல்வி. பாப்பா படிப்பு முடியணும். ஆனா வர்றப்ப, ஓரமா ஒரு நாற்காலி கெடைக்குமா?"

டிவியில் சோப்பு விளம்பரம் ஓடியது.

"சீரியலுதான் முடிஞ்சிருச்சே. வச்சிரட்டுங்களா?" என்று வைத்துவிட்டாள்.

தொடரும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. இனி எதற்காகக் கூப்பிடுவாள்? மறுநாள் நாலரைக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரவி எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, கத முடிஞ்சுதா?"

"முடியல" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

நாலே முக்காலுக்குப் போன் அடித்தது. வீட்டு டிவி இன்று கொஞ்சம் உயரத்திலிருந்து தெரிந்தது. ஓரத்தில் அவள் கையும் கண்ணாடி வளையலும்.

"சொம்பு வழுக்குதுங்க. நாற்காலில வச்சிருக்கேன். ஓரமா இல்ல, எம் பக்கத்துலயே. புதுசு ஒண்ணு போடுறான். மொத நாளே மாமியா மூஞ்சி சரியில்ல, பாருங்க."

பார்த்தேன். கட்டில் குவைத்தில், நாற்காலி குரும்பலூரில். என் முழங்காலில் கடைசி வெயில் இருந்தது. அவள் வளையலில் டியூப்லைட் மின்னியது.