கட்டிலில் படுத்திருந்தவர்

எங்கள் ஊர்க் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். இது எனக்கு நடந்தது. 1976, ஐப்பசி மாதம். வாளையாருக்குத் தெற்கே எங்கள் தோட்டத்து வீட்டில்.

என் வீட்டுக்காரர் ஆறுச்சாமிக்கு இதய நோய். பரம்பரையாக வருவது. மாமனார் வரப்பில் நடந்துகொண்டிருந்தபோதே விழுந்து இறந்தார். இவருடைய ஒரே அண்ணன் காளிச்சாமியும் அப்படித்தான். அப்போது இருபத்தேழு வயது. அவரை அறுத்துப் பார்த்தபோது இதயத்துச் சதை தடித்து, தழும்பேறிக் கிடந்ததாம். கோயமுத்தூர் டாக்டர் என் வீட்டுக்காரரைச் சோதித்துவிட்டுச் சொன்னார்:

"தழும்பைக் கரைக்க மருந்து கிடையாதும்மா. துடிப்பை அடக்கி வைக்க மாத்திரை இருக்குது. ஒரு வேளைகூட விடக் கூடாது."

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். அவர் படுத்துவிட்டால் காதை வைத்து நெஞ்சுத் துடிப்பைக் கேட்பேன். கேட்டால்தான் அடுத்த வேலை ஓடும்.

அன்று காலையோடு மாத்திரை தீர்ந்துவிட்டது. பக்கத்துக் கடைகளில் இல்லை. அவரே கோயமுத்தூருக்கு பஸ் ஏறினார். மதியம் திரும்ப வேண்டியவர் சாயங்காலமாகியும் வரவில்லை. மழை வேறு. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். குழம்பைக் கருக விட்டேன். எங்காவது ரோட்டோரம் விழுந்து கிடக்கிறாரோ... எங்கள் ஏழு வயது மகள் நாச்சம்மாள் உள்ளறையில் தூங்கிவிட்டாள்.

ஆறரை மணி இருக்கும். கரண்ட் போனது. மாட்டைக் கட்டிவிட்டு, நனைந்தபடி உள்ளே வந்தேன்.

அரையிருட்டில், கயிற்றுக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். சுவரைப் பார்த்தபடி.

"வந்துட்டீங்களா? மாத்திரை கெடச்சுதுங்களா?"

"ம்..."

போன உயிர் வந்தது எனக்கு. பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் காதை வைத்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

மழைச் சத்தம்தான் என்று நினைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு காதை அழுத்தினேன்.

ஒன்றுமில்லை...

அப்போதுதான் கவனித்தேன். சட்டை காய்ந்திருந்தது. அந்த மழையில்.

"நாச்சிக்கு மாத்திரை?" என்றார்.

குரல் காதில் விழுந்தது. முதுகில் அதிரவே இல்லை.

"அவளுக்கு... எதுக்குங்க?"



வெளியே படல் திறக்கும் சத்தம். "மருதா! லாந்தரைக் கொண்டா. ஒரே சேறு!"

என்னைக் கூப்பிடும் என் வீட்டுக்காரர் குரல்.

எழுந்து ஓடினேன். வாசற்படியில் திரும்பிப் பார்த்தேன்.

கட்டிலில் யாருமில்லை.

தொய்ந்திருந்த கயிறு மட்டும்...

க்ரீச்...

மெதுவாக மேலே வந்தது.

வாளையார் செக்போஸ்டில் லாரிகள் அடைத்துக்கொண்டதால் தாமதம் என்றார். முழுக்க நனைந்திருந்தார். கையில் மாத்திரைப் பொட்டலம். நான் ஒன்றுதான் சொன்னேன்.

"நாளைக்கு நாச்சியையும் டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போலாமுங்க."

"அவளுக்கென்ன?"

"போலாமுங்க."

டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். வெகுநேரம் கேட்டார்.

"இவளுக்கும் இருக்குதும்மா. நல்லவேளை, இப்பவே வந்தீங்க."

அதே மாத்திரைதான், பாதியாக உடைத்துக் கொடுக்கச் சொன்னார். அவள் பிழைத்துக்கொண்டாள். இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

ஆனால் அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளைக் கேட்டேன்.

"டாக்டர் கொழாய் வெச்சப்போ பயந்துட்டியா கண்ணு?"

"இல்லீம்மா. சில்லுன்னு இருந்துச்சு. பெரியப்பா காது மாதிரியே."

"எந்தப் பெரியப்பா?"

"நம்மூட்டுப் பெரியப்பாதான். நீ தோட்டத்துக்குப் போனீன்னா வருவாரு. என் நெஞ்சுல காதை வெச்சுக் கேட்டுக்கிட்டே இருப்பாரு..."

காளிச்சாமி இறந்தது அவள் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பு. எங்கள் வீட்டில் அவர் படம்கூடக் கிடையாது.