முன்சீட்டின் ஈரம்

ஒரு காரின் ஒழுகலை என்னைப் பெற்றவளின் ஒழுகல் என்று தீர்மானித்தவன் நான். தீர்மானித்ததோடு நின்றிருந்தாலும் பாதகமில்லை. மருந்துக்கடைக்குப் போய் பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு பாக்கெட் வாங்கி, அம்மாவின் கட்டிலில் மடித்த துண்டுக்கு அடியில் வைத்துவிட்டு, மகா நாகரிகமாக நடந்துகொண்ட திருப்தியில் டீ குடித்தேன். அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவனுக்கு இவ்வளவு மடத்தனம் எப்படி வாய்த்தது என்பதை ஊரில் இருப்பவர்களும், என்னைப்போல் ஊரை விட்டு வந்தவர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

நான் இருப்பது கனடாவில் வின்னிபெக். எங்கள் சிதம்பரத்தில் காருக்குள் சூடு வந்தால் கோளாறு. இங்கே வராவிட்டால் கோளாறு. என் பழைய காரில் இரண்டும் மாறி மாறி நடந்தன. வேகமாகப் போகும்போது ஹீட்டர் கதகதவென்று அடிக்கும். சிக்னலில் நின்றால் ஃப்ரிட்ஜைத் திறந்ததுபோல் ஊதும். பச்சை விழுந்து கிளம்பினால் மறுபடியும் சூடு. இணையத்தில் இரண்டு வாரம் படித்துவிட்டு தெர்மோஸ்டாட் என்ற ஒன்றை மாற்றச் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகு, ஊரில் டிவிக்குச் செய்கிற வைத்தியப்படி டேஷ்போர்டின் தலையில் தட்டிப் பார்த்தேன். சில நாள் அதற்குக்கூடக் கட்டுப்பட்டதுபோல் நடித்தது.

அப்பா சிதம்பரத்தில் அம்பாசடர் டாக்சி ஓட்டினார். பிச்சாவரத்துக்குப் படகு ஏறப் போகிறவர்கள்தான் பாதி சவாரி. காலையில் அவர் பானெட்டைத் தூக்கியதும் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றுவாள். வண்டிக்குத் தண்ணி காட்டுவது என்பார்கள், மாட்டுக்குச் சொல்வதுபோலவே. எனக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. செப்டம்பரிலேயே இந்தக் காரில் என்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் குறைவதைப் பார்த்தேன். குழாயைத் திறந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். பிறகு வாரம் ஒரு பாட்டில். ஏன் குறைகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. வண்டி என்றால் தண்ணீர் குடிக்கும், அவ்வளவுதான்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் நான் இங்கே வந்தேன். நாலு வருஷம் கழித்து அப்பா போய்விட்டார். அந்தக் குளிர்காலத்தில் அம்மாவை அழைத்துவந்தேன். ஆறு மாதம் இருக்கட்டும், பிடித்தால் எங்களோடே தங்கிவிடட்டும் என்பது என் திட்டம். அவளுக்கும் மனசு இருந்தது. கார் ஏறினால் முன்சீட்டுதான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பழக்கம். மூன்றாம் நாளே மூக்கை உறிஞ்சினாள்.

"செல்வம், வண்டியில வெல்லப்பாகு வாசன அடிக்குதுடா."

பொங்கல் வருகிறதே, ஊர் ஞாபகம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம், "காலடி ஈரமா இருக்குடா" என்றாள். இறங்கியபின் தொட்டுப் பார்த்தேன். அவள் பக்கத்து விரிப்பு சொதசொதவென்று இருந்தது. பூட்ஸில் ஒட்டிய பனி உருகியிருக்கும் என்றாள் என் மனைவி சுமதி. "எம் பூட்ஸ்லயும்தான் பனி ஒட்டுது, எம் பக்கம் காஞ்சிதானே கெடக்கு?" என்று அவளை மடக்கினேன். ஈரம், அதில் இனிப்பு வாசனை, எழுபதை நெருங்கும் அம்மா. படித்தவன் அல்லவா, மூன்றையும் கூட்டினேன். சர்க்கரை என்று விடை வந்தது. நண்பரின் மீட்டரை வாங்கி அவள் விரலைக் குத்திப் பார்த்தேன். நார்மல் என்றது. மீட்டர் சரியில்லை என்று முடிவுகட்டி, காபியில் சர்க்கரையை நிறுத்தினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இந்த மாதிரி விஷயத்தை மகன் அம்மாவிடம் வாய்விட்டுப் பேசுவதில்லை என்பது எங்கள் வீட்டு மரியாதை. அந்த மரியாதையில்தான் மருந்துக்கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெண் பாக்கெட்டையும் என்னையும் பார்த்து, "இது எல்லாருக்கும் வருவதுதான், கண்ணு" என்றாள் ஆங்கிலத்தில். எனக்கு என்று நினைத்துவிட்டாள். அம்மாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக எண்ணி, "தேங்க் யூ" என்று தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன்.

அன்றிலிருந்து அம்மா முன்சீட்டில் உட்காரவில்லை. "பின்னாடியே ஒக்காந்துக்கிறேன், கால நீட்டிக்கலாம்" என்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. சீட்டில் விரித்து அதன்மேல் உட்கார்ந்தாள். நான்கு நாள் கழித்து, "டிக்கெட்ட முன்னாடி மாத்த முடியுமான்னு பாரு" என்றாள்.

"ஏம்மா, ஏதாச்சும் கொறையா?"

"ஒரு கொறையும் இல்ல. பனி ஒத்துக்கல."

அதையும் நம்பினேன். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் சிக்னலுக்குச் சிக்னல் குளிர் முகத்தில் அடித்தது.

அவள் போய் மூன்று வாரம் கழித்து ஹீட்டர் அடியோடு நின்றது. மெக்கானிக் டேல் பானெட்டைத் தூக்கி ஒரு சொட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதில் என்ன ஊற்றினாய்?"

"தண்ணீர்."

"எந்தத் தண்ணீர்?"

"நல்ல தண்ணீர்தான். நாங்கள் குடிக்கிறது."

அவர் அந்தச் சொட்டைத் துணியில் துடைத்தார். இந்தக் குளிரில் வெறும் தண்ணீர் உறைந்து என்ஜின் வெடிக்காதது உன் அதிர்ஷ்டம் என்றார். பிறகு குனிந்து முன்சீட்டின் விரிப்பைத் தூக்கினார். டேஷ்போர்டுக்குப் பின்னால் குட்டி ரேடியேட்டர் மாதிரி ஒன்று இருக்கிறது. என்ஜினின் சூட்டுத் தண்ணீர் அதற்குள் ஓடித்தான் வெப்பக் காற்று வருகிறது. அதில் ஓட்டை. அங்கிருந்து கூலன்ட் சொட்டுச் சொட்டாக முன்சீட்டுக் காலடியில் இறங்கியிருக்கிறது. உள்ளே அளவு குறைந்து காற்று புகுந்ததால்தான், வண்டி ஓடினால் சூடு, நின்றால் குளிர். "கூலன்ட் இனிப்பாக மணக்குமே, பாகு மாதிரி. வண்டியில் யாரும் சொல்லவில்லையா?" என்றார்.

சொன்னார்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்து சிதம்பரத்துக்குப் போன் போட்டேன்.

"அம்மா, வண்டிதாம்மா ஒழுகியிருக்கு. ஒன் காலடி ஈரம், வெல்லப்பாகு வாசன, எல்லாம் வண்டித் தண்ணி."

டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"அப்ப நான் இல்லியா?"

"நீ இல்லம்மா."

"நானே அப்படித்தான்டா நெனச்சிட்டேன். நமக்குத் தெரியாமலே போவுது போலருக்குன்னு. படிச்ச புள்ள, பாத்துதானே வாங்கி வச்சிருக்கும்னு."

ஊருக்குத் திரும்பியதிலிருந்து அம்மா அதிகம் வெளியே போவதில்லை என்று என் தங்கை தேவி முன்பே சொல்லியிருந்தாள். பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டே வருகிறாளாம். பரங்கிப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டும் வரவில்லையாம். அப்பா நினைப்பு என்று அவளுக்கு விளக்கம் சொன்னவனும் நான்தான்.

"இப்ப வண்டி சரியாயிடுச்சும்மா. கெளம்பி வா. முன்சீட்டு ஒனக்குத்தான்."

"வேணாண்டா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

இப்போது சிக்னலில் நின்றாலும் சூடு வருகிறது. பக்கத்து விரிப்பு காய்ந்துவிட்டது, வாசனை இல்லை. சில நாள் அதைத் தேடி மூக்கை உறிஞ்சுகிறேன். அந்தப் பாக்கெட்டை, அம்மா இருந்த அறையின் அலமாரியில் சுமதி கண்டெடுத்தாள். பாதிதான் இருந்தது. மீதியை விமானப் பயணத்துக்கு எடுத்துப் போயிருக்கிறாள். பாதி வின்னிபெக்கில், பாதி சிதம்பரத்தில். எங்கள் குடும்பத்தில் இரண்டு ஊருக்கும் சமமாகப் பிரிந்த சொத்து அது ஒன்றுதான். தூக்கிப்போட எனக்குக் கை வரவில்லை.

இரண்டு நாள் கழித்து தேவி போன் செய்தாள். அம்மா கடலூர் வரைக்கும் பஸ்ஸில் உட்கார்ந்தே போய்வந்தாளாம். காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையாம்.

"எங்கிட்ட ஏதாச்சும் சொல்லச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க அண்ணே. எங் கையில குத்துனதுக்கு, மொதல்ல வண்டிக்கு சுகர் டெஸ்ட் பாத்திருக்கலாம்னு சொன்னாங்க."